கோடரியின் முதுகு

அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. வயதானால் மனம் இளகும் என்கிறார்கள்; எனக்கு முழங்கால்தான் இளகியிருக்கிறது. அவனுக்கு நான் செய்த காரியத்துக்காகவும் நான் வருந்தவில்லை. அந்தக் காரியம் அவனோடு நிற்காமல் போய் முப்பது வீட்டுத் தண்ணீரில் கை வைத்துவிட்டது. வருத்தமெல்லாம் அதற்குத்தான்.

ஆள் பெயர், தோட்டத்தின் பெயர் எதுவும் எழுதமாட்டேன். பதுளையைச் சுற்றியிருக்கும் மலைகளில் ஒரு தேயிலைத் தோட்டம், அவ்வளவு போதும். தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்துக்கு மேலே ஓடைப் பள்ளத்தில் ஒரு சோலை இருந்தது. தேயிலை வருவதற்கு முன்பிருந்தே நின்ற காடு அது. நாவலும் காட்டுமாவும் பெயர் தெரியாத இருபது வகை மரமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் பகலிலும் கால் சில்லிடும். அந்தச் சோலையின் அடியிலிருந்து கசிந்த ஊற்றை மூங்கில் வைத்து லயத்துப் பக்கம் திருப்பியிருந்தார்கள். பீலி என்போம். எங்கள் ஊவா மாகாணத்தில் ஆனி பிறந்தால் காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கிவிடும். புரட்டாசி வரை புல்லெல்லாம் பழுப்பாகிவிடும். அந்த நாலு மாதத்திலும் எங்கள் பீலி கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல் விழும். முப்பது வீடும் அதை நம்பித்தான் உலை வைத்தது.

நான் விறகுக்காட்டு வெட்டுக்காரன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் கொழுந்தைக் காயவைக்கும் அடுப்பு விறகில்தான் எரிந்தது. அதற்காகவே தோட்டத்து மேற்குச் சரிவில் டர்பன்டைன் மரம் வளர்த்தார்கள். யூகலிப்டஸ் என்று ஆபீஸ் கடுதாசியில் எழுதுவார்கள். எங்கள் வாயில் டர்பன்டைன்தான். சரிவைப் பத்துத் துண்டாகப் பிரித்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு துண்டுதான் வெட்டலாம். பத்தாவது துண்டை வெட்டி முடிக்கும்போது முதல் துண்டு மறுபடி வெட்டுக்குத் தயாராக நிற்கும். புதுக் கன்று நடவேண்டியதே இல்லை, வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மரம் எழும்பும். எந்தக் காலத்துத் துரையோ போட்ட திட்டம். ஆனால் அதை உயிரோடு வைத்திருந்தது எங்கள் கை. இதை நான் பெருமைக்காகவே சொல்கிறேன்.

எப்படி என்றும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். ஐப்பசி மழை இறங்கி மண் குளிர்ந்த பிறகுதான் கோடரி எடுப்போம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, பள்ளத்துப் பக்கம் சரிவாக வெட்டவேண்டும், மழைத் தண்ணீர் கட்டையின் தலையில் தங்காமல் வடிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் பட்டை. கட்டையை விட்டுப் பட்டை பிரியக்கூடாது. அடுத்த மரம் அந்தப் பட்டையின் அடியில்தான் தூங்குகிறது. தை மாதம் போய்ப் பார்த்தால் கட்டையைச் சுற்றிச் செம்பழுப்பாய்த் துளிர் நிற்கும். அதில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிடுவோம். இந்த நாட்டில் நீங்கள் பிரஜைகள் இல்லை என்று சட்டம் போட்டுச் சொன்ன காலம் அது. அந்த மரங்களுக்கு நாங்கள் யாரென்று தெரியும்.

வெட்டுக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிமரமும் நடுமரமும் ஸ்டோருக்கு, கொப்பு வெட்டுகிறவனுக்கு. சாயங்காலம் ஆளுக்கொரு கட்டுக் கொப்பு தலையில் வைத்துக்கொண்டு இறங்குவோம். யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை, அப்படியே நடந்துவந்தது.

சுதந்திரம் வந்த மறுவருடம் எனக்குக் கல்யாணம். அதற்கு இரண்டு வருடம் கழித்து முதல் பிள்ளை, கார்த்திகை மாத அடைமழையில் பிறந்தது. லயத்து அறையின் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தினமும் வெந்நீர் ஊற்றவேண்டும், பிள்ளை கிடக்கும் மூலையில் கங்கு அணையாமல் இருக்கவேண்டும். தேயிலைச் செடியில் கழித்த மிலாறுக் குச்சி நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை. டர்பன்டைன் கொப்பு பச்சையாக இருந்தாலும் எரியும், அதில் எண்ணெய் இருக்கிறது. அன்று நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய கட்டாகவே கட்டினேன்.

அப்போதுதான் புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வந்திருந்தான். விறகுக்காடும் எங்கள் மலையும் அவன் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும். ஸ்டாக்கிங் போட்டு, கையில் பிரம்போடு நடப்பான். லயத்துக்குத் திரும்பும் வழியில் என்னை மறித்தான். கொப்பும் தோட்டத்துச் சொத்துதான் என்றான். பிள்ளை பிறந்திருக்கிற விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்டமாதிரியே இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கட்டைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னான். அதோடு விட்டிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டு. ஆண் பெண் அத்தனை பேரும் வேலை பிரித்துக் கேட்க வரிசையில் நிற்கிறார்கள். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னான். பெரட்டு முடியும்வரை அப்படியே நிற்கவேண்டுமாம். இரவு முழுவதும் மழை குடித்த கட்டு; கனம் கழுத்தில் இறங்கியது. தண்ணீர் முகத்தில் வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. நானூறு கண்ணும் தரையைப் பார்த்தன. வீட்டில் என் மனைவி பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்குச் சளி கட்டியது. பிழைத்துக்கொண்டது, அது அவன் புண்ணியமில்லை.

கழுத்து வலி மூன்று நாளில் போய்விட்டது. அவமானம் போகவில்லை. அவனை அடிக்க நினைத்தேன். அடித்தால் நான் ஜெயிலுக்குப் போவேன், அவன் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவான். அவன் தலை குனியவேண்டும், அதுவும் துரைக்கு முன்னால் குனியவேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதற்காக ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாங்கய்யா, சரிங்கய்யா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சந்தர்ப்பத்தை அவனே கொண்டுவந்து கொடுத்தான். பெரிய துரையிடம் நல்ல பெயர் வாங்கும் அவசரம் அவனுக்கு. மழைக்கு முன்பே வெட்டி அடுக்கினால் விறகு நன்றாகக் காயும் என்று கணக்குப் போட்டு, ஆவணியிலேயே அந்த வருடத் துண்டை வெட்டச் சொன்னான். காய்ந்த காற்று அடிக்கும்போது வெட்டினால் துளிர் மெலியும் என்று எங்கள் நாலு வெட்டுக்காரருக்கும் தெரியும். மூத்தவர் ஒருவர் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்திவிட்டு, சரிங்கய்யா என்றேன்.

ஆவணியில் வெட்டினால் பாதியாவது எழும்பும். எனக்கு அந்தப் பாதியும் எழும்பக்கூடாது. மற்ற மூவரும் சாயங்காலம் இறங்கியபின் கொப்பு ஒதுக்குகிற சாக்கில் நான் பின்தங்குவேன். வெளிச்சம் இருக்கும்வரை ஒவ்வொரு அடிக்கட்டையாகப் போய், கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் கட்டையைச் சுற்றி நாலு தட்டு. ஓங்கி அடிக்கவேண்டியதில்லை. பட்டை உள்ளே பொத்தென்று பிரிகிற சத்தம் கேட்டால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. நாலு நாளில் எறும்பு நுழையும், பத்து நாளில் உள்ளே காய்ந்துவிடும். தட்டும்போது ஒவ்வொரு கட்டையும் எனக்கு அவன் தலையாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்த மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

தை மாதம் துரை வந்து பார்த்தார். ஒரு மலைச்சரிவு முழுக்க மொட்டைக் கட்டை. மூலையில் நாலைந்து துளிர். யார் ஆவணியில் வெட்டச் சொன்னது என்று கேட்டார். கணக்கப்பிள்ளையின் முகம் செத்துப்போனதை நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அவன் வேலை போகவில்லை. துரை இன்னொரு மழைக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

வெறும் சரிவு சும்மா கிடக்குமா? மானாப்புல் ஆளுயரம் ஏறியது. டர்பன்டைன் நிழல் இருந்தவரை அந்தப் புல் தலைகாட்டியதில்லை. இது என் கணக்கில் வரவில்லை. ஆடி மாதம் பக்கத்துப் பத்தனைப் புல்வெளியில் யாரோ புல்லுக்கு வைத்த தீ காற்றோடு ஏறி, மானாப்புல்லைப் பிடித்து, செத்த கட்டைகளில் தங்கி, அடுத்திருந்த இரண்டு இளந்துண்டையும் தின்றுவிட்டுத்தான் நின்றது. பச்சைக் கொப்பை ஒடித்து நாங்களே அடித்து அணைத்தோம். என் புருவம் கருகியது. பத்துத் துண்டில் மூன்று போயிற்று.

கணக்கப்பிள்ளைக்கு மறுவாரம் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், பெண்சாதி, இரண்டு பிள்ளைகளோடு அவன் பதுளை பஸ்ஸுக்கு நடந்துபோனான். அவன் பெண்சாதி எங்கள் பீலியடியில் நின்று, வழிக்கு வேண்டுமென்று ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை பீலியில் வாயை வைத்துக் குடித்தது. நான் ஒதுங்காமல் பாதை ஓரத்தில் நின்று முழுவதையும் பார்த்தேன். அன்று மத்தியானம் வயிறு முட்டச் சோறு தின்றேன். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள்.

அந்தச் சந்தோஷம் பதினைந்து நாள் இருந்தது. மூன்று துண்டு போனால் ஸ்டோர் அடுப்புக்கு மூன்று வருடத்து விறகு எங்கிருந்து வரும்? மீதி ஏழு துண்டையும் வயதுக்கு வராமல் வெட்டினால் எல்லாமே அழியும் என்று துரைக்குத் தெரியும். ஆகவே ஓடைச் சோலையை வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தில் டர்பன்டைன் நடச் சொன்னார். அதை வெட்டுவதற்கு அனுப்பிய நாலு பேரில் நானும் ஒருவன்.

நான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். கட்டைகள் காய்ந்த காற்றால் சாகவில்லை, நான் கொன்றேன், வேலியோரத்துப் பட்டுப்போன மரங்களை வெட்டி ஒப்பேற்றலாம், இதை மட்டும் விடுங்கள் என்று காலில் விழுந்திருந்தால் துரை யோசித்திருக்கக்கூடும். என் வேலை போயிருக்கும், லயத்து அறை போயிருக்கும். ஆனால் நான் வாயை மூடியிருந்தது அதற்குப் பயந்து இல்லை. நான் சொல்லியிருந்தால் அவனைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காக முதல் நாவல் மரத்தில் கோடரியை வைத்தேன்.

இரண்டு பருவம் வெட்டினோம். அடுத்த கோடையில் பீலி சுண்டுவிரல் பருமனாயிற்று. டர்பன்டைன் கன்று விறுவிறுவென்று ஏறியது. அந்த மரம் தண்ணீர் குடிப்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்கடுத்த கோடையில் பீலி சொட்டியது. பிறகு மூங்கில் காய்ந்து வெடித்தது. யாரோ அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள்.

அதன்பிறகு தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் போகவேண்டும். கீழே இறங்க அரை மணி, குடத்தோடு ஏற முக்கால் மணி. கொழுந்து பறித்துவிட்டுக் கால் ஓய்ந்து வருகிற பெண்கள் சாயங்காலம் மறுபடி இறங்குவார்கள். என் மனைவி இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு ஏறினாள், பிறகு அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். தலையில் சும்மாட்டின் தழும்பு விழுந்தது. முடி அந்த இடத்தில் உதிர்ந்துவிட்டது. லயத்தில் எல்லாரும் துரையைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

எட்டு வருடம் அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக் கோடரிக் காம்பு ஒன்று வாங்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தேன். சந்தையில் ஒருவன் என் தோளைத் தட்டினான். அவன்தான். வெலிமடைக் கிழங்கும் லீக்ஸும் லொறியில் ஏற்றி அனுப்புகிற வியாபாரம். தொந்தி போட்டிருந்தான். கன்னம் பளபளத்தது. என்னைக் கண்டதில் அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். கடைக்குக் கூட்டிப்போய் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். தோட்டத்தை விட்டு வந்ததுதான் தனக்கு நல்ல காலம் என்றான். அந்தத் தீ பிடித்திருக்காவிட்டால் இன்னும் ஸ்டாக்கிங் போட்டுக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருப்பேன் என்று சிரித்தான். விறகுக் கட்டைப் பற்றி அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. அந்தக் காலை அவனுக்கு நினைவிலேயே இல்லை.

எழுந்து போகும்போது கேட்டான்.

“அந்தப் பீலித் தண்ணி இன்னும் வருதா? என் சின்னவன் இப்பவும் சொல்லுவான், அந்த மாதிரித் தண்ணி எங்கயும் குடிக்கலன்னு.”

“வருதுங்க,” என்றேன். “முன்ன விட நல்லா வருது.”

அவனுக்கு ‘ங்க’ போட்டதற்காக பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனுக்கு நான் கொடுத்த தண்டனை அவனைக் கொழுக்க வைத்திருக்கிறது. அதை அனுபவித்தது என் லயம்.  வீட்டுக்கு வந்தபோது மனைவி அப்போதுதான் ஆற்றிலிருந்து ஏறிவந்து குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன், அவனைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே சொன்னேன். அவள் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“வருதுன்னா சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்ப வர வைங்க.”

எப்படி என்று கேட்டேன். அவள் மூலையில் சாத்தியிருந்த கோடரியைக் காட்டினாள்.

“மரம் வெட்டுறவங்க கோடரியில பிசின் வாய்ப் பக்கந்தான் ஒட்டும். அந்த ஆவணி மாசம் பூரா உங்க கோடரி முதுகுல ஒட்டியிருந்துச்சு. சாம்பல் போட்டுத் தேச்சது நான்தான். அங்க தட்டத் தெரிஞ்ச கை, இந்த ஓடையில நிக்கிற மரத்துக்கும் தட்டட்டும்.”

இத்தனை வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் குடத்தைத் தலையில் ஏற்றும்போது தெரிந்தே ஏற்றியிருக்கிறாள். நான் தரையைப் பார்த்தேன். பெரட்டுக்களத்தில் நின்றதைவிட அது மோசமாக இருந்தது.

ஓடை டர்பன்டைன் அந்த ஐப்பசியில் வெட்டுக்கு வந்தது. அதற்குள் நான் வெட்டுக் கங்காணி ஆகியிருந்தேன். நல்ல மழையில், ஒரு சாண் விட்டு, சரிவாக, துரையே வந்து பார்த்தாலும் குறை சொல்லமுடியாதபடி வெட்டச் செய்தேன். பிறகு சாயங்காலங்களில் தனியாகப் போய்க் கோடரியைத் திருப்பிப் பிடித்தேன். அந்த முறை எந்தக் கட்டையும் யார் தலையாகவும் தெரியவில்லை. சுணங்காமல், ஒன்று விடாமல் தட்டினேன். தை மாதம் துளிர் இல்லையே என்று கேட்டார்கள். ஈரம் கூடின இடம், கட்டை அழுகிவிட்டது என்றேன். அதற்குள் தீயில் போன மூன்று துண்டிலும் நட்ட புதுக் கன்றுகள் வெட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தன. இந்த ஓடையில் மறுபடி செலவழிக்க யாருக்கும் மனமில்லை. பழைய சோலையின் வேரெல்லாம் செத்திருக்கவில்லை. நாவல் வேர்விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. மேல்முகட்டில் கிடந்த காட்டுமாக் கன்றுகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தேன். நிழலுக்கு முள்முருக்குக் கொப்பு நட்டேன். மானாப்புல் ஏறாமல் வருடத்துக்கு இரண்டு தடவை நானே கொத்தினேன். இம்முறை அதைக் கணக்கில் வைத்திருந்தேன்.

இரண்டு மழை போயிற்று. மூன்றாவது வருடம், வைகாசி முடிவில், பாறைக்குக் கீழே மண் நனைந்திருந்தது. மூங்கில் வெட்டிச் செருகினேன். சுண்டுவிரலுக்கும் மெல்லிசாக ஒரு நூல் இறங்கியது. குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது விடியத் தொடங்கியபோது வைத்த குடம், பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கும் நேரத்தில் நிரம்பியது.

நான் குனிந்து அவள் தலையில் ஏற்றிவிடப் போனேன். அவள் கையை விலக்கினாள்.

“உங்க தலையில வைங்க.”

எங்கள் லயத்தில் ஆம்பிளை தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடந்ததில்லை. அவள் தன் சும்மாட்டை எடுத்து என் தலையில் வைத்தாள், குடத்தைத் தூக்கி அதன்மேல் இருத்தினாள். லயத்து வாசல் வழியாக, பெரட்டுக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், முப்பது வீட்டையும் தாண்டி என்னை நடக்கவைத்தாள். கடைசியில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் நிற்கச் சொன்னாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் தளும்பி முகத்தில் வழிந்தது. எதற்காக இது என்று எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தப்புச் சத்தம் ஓயும்வரை அவள் எனக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு குடத்தை இறக்கி உள்ளே கொண்டுபோய் அரிசி களைந்தாள். நான் கழுத்தைத் தடவிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன்.